கீழக்குடியிருப்பு நலம்

உங்கள் ஸ்டேஷனில் டவர் நன்றாக எடுக்கிறது, மேடம். உள்ளே வந்ததும் அதைத்தான் முதலில் பார்த்தேன். சிலர் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சாமி படம் எங்கே மாட்டியிருக்கிறது என்று பார்ப்பார்கள், நான் சிக்னல் பார்ப்பேன். டீக்கு நன்றி. சீனி கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் வாக்குமூலம் கொடுக்க வந்தவன் சீனியைக் குறை சொன்னால் நன்றாக இருக்காது.

நானாகத்தான் வந்தேன் என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். நேற்றுப் பேப்பரில் ஒரு செய்தி போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்க் கண்மாய் உடைந்து கீழக்குடியிருப்பில் ஐந்து பேர் செத்துப்போனதைப் பற்றி. கரை மழையில் தானாக உடைந்துகொண்டது என்று எழுதியிருந்தார்கள். அது போகட்டும். கடைசிப் பத்தியில், 'கிராமங்களை இணைக்கும் பெட்டி வலை பழுதானதால் எச்சரிக்கை போய்ச் சேரவில்லை' என்று ஒரு வரி. அதைப் படித்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வலை பழுதாகவில்லை, மேடம். அன்றைக்கு அது ஒரு நொடிகூட அறுபடவில்லை. அதைச் சொல்லத்தான் காலை பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரம் வந்தேன்.

என் பெயர் காளிதாஸ். நயினார்கோவிலுக்குத் தெற்கே செங்கமடை எங்கள் ஊர். ஊரில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு மரியாதை உண்டு. நிலம் இருந்தால் அது தானாக வந்துவிடும், நாம் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. மதுரையில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, சென்னையில் ஒரு கம்பெனியில் சர்வர்களுக்குக் காவல் இருந்தேன். எங்கோ ஒரு தேசத்தில் யாரோ ஒருவர் படம் பார்க்கும்போது நெட் நிற்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அதே நேரம் எங்கள் ஊரில் நாலு தூறல் விழுந்தால் என் அம்மாவுக்கு போன் போகாது. ஒரு புயலில் ஜில்லாவில் இருந்த செல் டவர்கள் எல்லாம் சொல்லிவைத்த மாதிரி படுத்துக்கொண்டன. அப்போதுதான் ஊருக்குத் திரும்பி வந்து இந்த வலையைப் போட்டேன்.

அது எப்படி வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் நான் சொல்லப்போவது புரியாது. ஒரு டிபன் பாக்ஸ் அளவுக்குப் பெட்டி. மேலே சோலார் தட்டு, பக்கத்தில் ஒரு குச்சி ஆன்டெனா. மொட்டை மாடியிலோ தண்ணீர்த் தொட்டியிலோ கட்டிவிட்டால் போதும். ஒவ்வொரு பெட்டியும் தன் கண்ணுக்கு எட்டிய பெட்டியோடு மட்டும் பேசும், அது அடுத்ததோடு பேசும். இப்படியே தொண்டிக் கரையில் ஒருவர் காற்று மாறுகிறது என்று சொன்னால், கமுதி மிளகாய்க் காடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடும். நடுவில் தலைமை நிலையம் கிடையாது, முதலாளி கிடையாது. ஒரு பெட்டி செத்தால் மற்றவை வேறு வழி கண்டுபிடித்துக்கொள்ளும். தலைவர் இல்லாமலே ஒழுங்காக நடக்கிற ஒரே அமைப்பு நம் ஜில்லாவில் இதுதான் என்று மேடைகளில் சொல்வேன். மேடையில் இருக்கும் தலைவர்கள் எல்லோரும் பலமாகக் கைதட்டுவார்கள்.

ஒரு பெட்டி உயிரோடு இருக்கிறதா என்று மற்ற பெட்டிகளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அது நிமிஷத்துக்கு ஒரு தடவை 'நலம்' என்று சொல்லும். எச்சரிக்கை வந்தால் தன் இடத்தில் சங்கு ஊதிவிட்டு, அனுப்பியவருக்கு 'கிடைத்தது' என்று பதில் போடும். இந்த இரண்டு வார்த்தைதான் வலை. மற்றதெல்லாம் கம்பியும் பெயின்ட்டும்.

ஒரு பெட்டி ஒரேயடியாகச் செத்துப்போனால் தொல்லை இல்லை. செத்துச் செத்துப் பிழைக்கிறதே, அதுதான் தொல்லை. ஒவ்வொரு தடவையும் எல்லாப் பெட்டிகளும் வழியைப் புதிதாகக் கணக்குப் போட ஆரம்பித்துவிடும். அந்த நேரம் கமுதியில் ஒருத்தர் மும்முரமாகப் பேசிக்கொண்டிருப்பார், பேச்சு வெட்டும். அவர் என்னைத் திட்டுவார்.

கீழக்குடியிருப்புப் பெட்டி அந்த ரகம்.

கண்மாய்க் கரைக்குக் கிழக்கே பள்ளத்தில் இருக்கிறது அந்தத் தெரு. எங்கள் காட்டு வேலைக்கு ஆள் அங்கிருந்துதான் வரும். சுற்றிலும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடப்பதால் அந்தப் பெட்டியின் கண்ணுக்கு எட்டுவது ஒன்றே ஒன்றுதான்: எங்கள் மோட்டார் ரூம் பெட்டி. இப்படி ஒரே கயிற்றில் ஒரு இடத்தைத் தொங்கவிடக் கூடாது என்பது இந்தத் தொழிலில் முதல் பாடம். இரண்டாவது வழிக்கு என் பெரியப்பா மருதுபாண்டியின் மொட்டை மாடி கச்சிதமாக இருந்தது. கேட்டேன்.

"ஏலே காளி, அவுக பேச்சு நம்ம மச்சு வழியா போகணுமாக்கும்?" என்றார்.

"பேச்சு இல்ல பெரியப்பா, அலை."

"அலைன்னாலும் யாரு அலை?"

இதற்குப் பதில் எங்கள் சிலபஸ்ஸில் இல்லை. நான் சாதி பார்ப்பவன் இல்லை, மேடம். பெட்டியும் பார்ப்பதில்லை. மொட்டை மாடி மட்டும்தான் பார்க்கிறது. நான் வற்புறுத்தவில்லை. பெரியவர்கள் மனம் நோகக் கூடாது என்பதில் நான் சின்ன வயதிலிருந்தே கவனமாக இருந்திருக்கிறேன்.

தொண்டியில் மொபைல் கடை வைத்திருக்கும் சதக் பாய்தான் கடற்கரைப் பெட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். அவர் ஒரு நாள் வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "ஒத்தக் கயித்துல ஒரு தெருவையே தொங்க விட்டிருக்கியேப்பா. அல்லா காக்கணும். இன்னொரு வழி போடு, ஆகுற ஒத்தாசைய நான் செய்யுறேன்" என்றார். பார்க்கலாம் பாய் என்றேன். நம் ஊரில் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்.

பேட்டரி விஷயமும் சொல்லிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று ஆகிவிடக் கூடாது. புது பேட்டரிகள் வந்தபோது எங்கள் தெருப் பெட்டிகளுக்குப் புதுசைப் போட்டேன். கழற்றிய பழசைக் கீழே கொடுத்தேன். எதையும் வீணாக்கக் கூடாது என்பது என் கொள்கை. பழைய பேட்டரி பொழுது சாய்ந்தால் படுத்துக்கொள்ளும், வெயில் ஏறினால் எழுந்துகொள்ளும். அதற்கேற்ப வலை முழுக்க ஆடும். சென்னையில் ஒரு அறக்கட்டளை, அறுபடாத வலைக்கு விருது என்று அறிவித்திருந்தது. ஒவ்வொரு பெட்டியையும் ஒரு புள்ளியாகக் காட்டும் என் திரையை அவர்கள் தங்கள் ஆபீசில் இருந்தே பார்ப்பார்கள். மற்ற இடமெல்லாம் பச்சை, ஒரே ஒரு புள்ளி மட்டும் சிவந்து சிவந்து அணைந்தது. மல்லிகைச் சரத்தில் ஒரு பூ வாடினால் அந்தப் பூவைத்தானே பார்ப்போம். எனக்கு அப்படி ஓர் எரிச்சல் வந்தது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். கோவில் முன்னால் ஊர்க்கூட்டம் கூடினால், முடிவு எதுவானாலும் ஒவ்வொரு கரைக்காரரும் எழுந்து 'சம்மதம்' என்று சொல்ல வேண்டும். கரை என்றால் வகையறா. ஒரு குரல் குறைந்தாலும் முடிவு செல்லாது. அவ்வளவு ஜனநாயகம். கீழக்குடியிருப்பு ஆட்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. வரக் கூடாது என்று யாரும் சொன்னதில்லை, வாருங்கள் என்றும் யாரும் சொன்னதில்லை. ஆனால் அவர்கள் குரலும் வேண்டுமே. அதனால் எங்கள் அய்யா எழுந்து, துண்டைச் சரிசெய்துகொண்டு, "அவுகளுக்கும் சம்மதம்" என்பார். அய்யாவுக்கு முன்னால் தாத்தா சொன்னார். அய்யா போன பிறகு நான் சொல்கிறேன். யாரும் ஒரு நாளும் ஆட்சேபித்ததில்லை. ஆட்சேபிக்க வேண்டியவர்கள் அங்கே இல்லை.

நான் செய்ததெல்லாம் இந்த வழக்கத்தை மோட்டார் ரூம் பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். கீழக்குடியிருப்புப் பெட்டி இனிமேல் வலையோடு நேரே பேச வேண்டாம். அதன் பெயரில் நிமிஷத்துக்கு ஒரு தடவை 'நலம்' என்று என் மோட்டார் ரூமே சொல்லும். எச்சரிக்கை போனால் 'கிடைத்தது' என்றும் அதுவே சொல்லும். ஒரு மதியம் உட்கார்ந்து முடித்துவிட்டேன். சாயங்காலம் திரை முழுக்கப் பச்சை. ஆட்டம் இல்லை, அசைவு இல்லை. கமுதிக்காரர் திட்டுவதை நிறுத்தினார். விருதும் வந்தது, வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் இதைப் பொய் என்பீர்கள். எங்கள் ஊரில் இதற்குப் பெயர் முறை.

கீழே தண்ணீர்த் தொட்டியில் கட்டியிருந்த அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டவள் செவ்வந்தி. எங்கள் காட்டில் மிளகாய் பறிக்க வருவாள். சோலார் தட்டில் விழும் தூசியையும் காக்கை எச்சத்தையும் துடைத்துவைப்பது அவள் பொறுப்பு. மழைக்காலம் தொடங்கிய சமயம், ஒரு நாள் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே வா என்று நான் சொல்லியிருக்கலாம். அவளும் எதிர்பார்த்திருக்க மாட்டாள்.

"மொதலாளி, பொட்டி ஒரு வாரமா பேச்சு மூச்சு இல்லாம கெடக்கு. லைட்டும் எரியல."

போனை எடுத்து அவளுக்குக் காட்டினேன். "இந்தா பாரு. கீழக்குடியிருப்பு நலம்னு காட்டுதுல்ல."

அவள் எழுத்துக்கூட்டி மெதுவாகப் படித்தாள். "இதுக்குள்ள நல்லாத்தான் இருக்கு மொதலாளி. அங்கன இல்லையே."

"லைட்டு மட்டும் போயிருக்கும்த்தா. பொட்டி ஓடுது. ஆபத்துன்னா அதுவே சங்கு ஊதும்."

"ஊதும்ல?"

"ஊதும். நீ போய் வேலையப் பாரு."

அவள் போய்விட்டாள். நல்ல பெண், இரண்டாம் தடவை கேட்கிற வழக்கம் இல்லை.

இந்த மார்கழி மழை உங்களுக்கு நினைவிருக்கும். நம் ஜில்லாவில் கண்மாய் நிறைவது அதிசயம். தண்ணீர் வேண்டும் என்று வருஷம் முழுக்கச் சாமியை நச்சரிப்போம். இந்தத் தடவை சாமி காது கொடுத்துக் கேட்டுவிட்டது. மூன்று நாள் விடாமல் கொட்டியது. முந்தின வருஷங்களில் இப்படி அடித்தால், கீழக்குடியிருப்பு ஆட்கள் பாயையும் ஆட்டையும் தூக்கிக்கொண்டு யாரும் சொல்லாமலே மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுவார்கள். இந்தத் தடவை வரவில்லை. "சங்கு ஊதட்டும், ஊதுனா போவோம். காளிதாஸ் மொதலாளியே சொல்லியிருக்காரு" என்று செவ்வந்திதான் வீடு வீடாகப் போய்ச் சொன்னாளாம். இதைப் பின்னால் கேள்விப்பட்டபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. தொழில்நுட்பத்தை மக்கள் நம்ப ஆரம்பித்துவிட்டார்கள் என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்.

கரை உடைந்தது காலையில், பால்காரர் வந்துபோன கொஞ்ச நேரத்தில். மண் சுவர் வீடுகள் கரைந்து விழுந்தன. செவ்வந்தியின் மாமனார் வேல்சாமி இடுப்பொடிந்து கட்டிலோடு கிடந்தவர். அவரைத் தூக்க உள்ளே ஓடியது அவளுடைய மகள் மாரிச்செல்வி. பத்தாம் வகுப்பு. இரண்டு பேரும் திரும்பவில்லை. இன்னும் மூன்று பேர். பெயர்கள் உங்களிடம் இருக்கும். எல்லோரும் எங்கள் காட்டுக்கு வேலைக்கு வந்தவர்கள்தான், முகம் பார்த்தால் சொல்லிவிடுவேன்.

மீட்புப் படகுக்காரர்கள் அன்று எங்கே போவது என்று எங்கள் வலைத் திரையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். கீழக்குடியிருப்பு நலம் என்று இருந்தது. பச்சை. அதனால் படகு வேறு ஊருக்குப் போனது. அங்கே ஒரு பசுமாட்டைக் காப்பாற்றினார்கள், பேப்பரில் படம் வந்தது.

நான் செய்த ஒரே தவறு, அன்று மதியமே அந்தப் பதில் சொல்லும் ஏற்பாட்டை நிறுத்தாமல் விட்டதுதான். வேலை மும்முரத்தில் மறந்துவிட்டேன். பள்ளிக்கூடத்தில் வந்து தங்கியவர்களுக்குப் புளிசாதம் கிண்டிக்கொண்டிருந்தோம், மேடம். என் சொந்தச் செலவு என்று சொல்லிக்காட்ட நான் வரவில்லை. மறுநாள் சதக் பாய் தொண்டியில் இருந்து அரிசி மூட்டைகளோடு வந்தார். கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்தவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"ஏப்பா காளி, தொட்டியே சாஞ்சு தண்ணிக்கு அடியில கெடக்கு. அதுல கட்டுன பொட்டி எப்படிப்பா இன்னும் நலம்னு சொல்லுது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு தன் போனைப் பார்த்தார். இன்னொரு 'நலம்' வந்தது. அவர் அரிசியை இறக்கிவிட்டு என்னிடம் சொல்லாமல் போய்விட்டார். இதுவரை போன் எடுக்கவில்லை. எனக்கு அது வருத்தம்தான்.

செவ்வந்தி பள்ளிக்கூட வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். நான் சாப்பாட்டுத் தட்டோடு போனபோது நிமிர்ந்து, "ஊதும்னு சொன்னீகளே மொதலாளி" என்றாள். அழுகை இல்லை, சண்டை இல்லை. சாதாரணமாகக் கேட்டாள். இரண்டாம் தடவை கேட்கிற வழக்கம் இல்லை என்று சொன்னேன் அல்லவா, அது தப்பு. திருத்திக்கொள்ளுங்கள்.

ஆக, வலை பழுதாகவில்லை என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். சொன்னதைச் சொன்னபடி செய்தது. பேப்பர்காரர்கள் மறுப்புப் போட வேண்டும். நீங்கள் எழுதுவதை நிறுத்திவிட்டுப் பேனாவை மூடுகிறீர்கள். பொய்யான தகவல், அஜாக்கிரதை, அதற்குரிய பிரிவு என்று யோசிக்கிறீர்கள் போலிருக்கிறது. கொஞ்சம் பொறுங்கள். என்னை அஜாக்கிரதையான ஆள் என்று எழுதிவிட்டால், அந்த அவமானத்தை என்னால் தாங்க முடியாது. கரை எப்படி உடைந்தது என்று நீங்கள் இன்னும் கேட்கவில்லையே.

கண்மாய்க்கு உள்வாய் என்று ஒன்று உண்டு. தண்ணீர் நிற்க வேண்டிய பள்ளத்துக்குள்ளேயே இருக்கும் நிலம். புறம்போக்கு என்று அரசாங்கம் சொல்லும். மூன்று தலைமுறையாக அதில் உழுதது எங்கள் ஏர். இந்த வருஷம் முண்டு மிளகாய் போட்டிருந்தேன், பூவும் பிஞ்சுமாக நின்றது. கண்மாய் நிறைய நிறையத் தண்ணீர் செடியின் முழங்கால் வரைக்கும் ஏறியது. மிளகாய்ச் செடி ஈரத்தைத் தாங்கும், குளியலைத் தாங்காது. இன்னும் ஒரு பொழுது நின்றால் வேர் அழுகிவிடும். தண்ணீரை வெளியேற்ற வேண்டும்.

மேற்கே கலுங்கு இருக்கிறது, மிஞ்சும் தண்ணீர் வழியத்தான் அதைக் கட்டியிருக்கிறார்கள். அதில் மணல் மூட்டை அடுக்கி அடைத்து வைத்திருந்தோம். அதைப் பிரித்துவிட்டால் தண்ணீர் பெரியப்பாவின் வயலில் இறங்கும். நெல் பால்பிடிக்கிற நேரம். அவர் மனம் நோகும். கிழக்குப் பக்கம் பயிர் எதுவும் இல்லை. வீடுகள்தான் இருந்தன.

கமுதிப் பக்கமிருந்து காளீஸ்வரன் என்ற ஜேசிபி டிரைவரை முந்தின நாளே வரச் சொல்லியிருந்தேன். காலையில் மழை இரைச்சலில் வண்டிச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. கிழக்குக் கரையில் வண்டியை நிறுத்தியவன் கண்ணாடியைத் துடைத்துக் கீழே பார்த்தான். கூரைகளில் அடுப்புப் புகை தெரிந்தது.

"அண்ணே, கீழ ஆளுக இருக்காகளேண்ணே."

இந்த இடத்தில்தான், மேடம், நான் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்கள் பார்க்க வேண்டும். வேறு யாராக இருந்தாலும் வெட்டுடா என்றிருப்பார்கள். நான் அவனை நிறுத்தச் சொன்னேன். குடையைக் கழுத்தில் இடுக்கிக்கொண்டு போனை எடுத்து, 'கரை உடையப்போகிறது, உடனே மேட்டுக்குப் போங்கள்' என்று கீழக்குடியிருப்புக்கு எச்சரிக்கை அனுப்பினேன். அனுப்பியதோடு விட்டுவிடவில்லை. பதில் வரட்டும் என்று மழையில் நின்றேன். அவர்களும் மனிதர்கள்தானே.

போன் ஒரு தடவை அதிர்ந்தது. எனக்கு அப்போது வந்த நிம்மதியை வார்த்தையில் சொல்ல முடியாது. கண்ணே கலங்கிவிட்டது. காளீஸ்வரனிடமும் திரையைக் காட்டினேன். அவன் படித்துவிட்டுச் சரிண்ணே என்று தலையாட்டி வண்டியைக் கிளப்பினான்.

கிடைத்தது என்று அவர்களே சொன்ன பிறகுதான், மேடம், நான் வெட்டச் சொன்னேன்.